முட்டுக்குள் ஒரு கைமாத்து

அம்மா ஒரு காலத்தில் நாளைக்கு 1000 பீடி சுற்றுவாள். முக்கூடல் பக்கத்தில் இதைப் பெருமையாகச் சொன்னால் சிரிப்பார்கள். திண்ணைக்குத் திண்ணை மடியில் தட்டோடு ஒருத்தி உட்கார்ந்திருக்கும் ஊர் எங்களுடையது. இலையை நனைத்து, அளவுத் தகடு வைத்துக் கத்தரித்து, தூளைக் கிள்ளி வைத்து உருட்டி, வாயை மடக்கி, நூல் சுற்றி... அத்தனையும் விரல் நுனியில் நடக்கிற வேலை. அம்மா கண்ணை டிவியில் வைத்துக்கொண்டே சுற்றுவாள். விரல்களுக்கென்று தனியாக ஒரு மூளை இருந்த மாதிரி இருக்கும்.

அந்த விரல்கள்தான் முதலில் மக்கர் செய்தன. அம்மாவுக்கு அப்போது 51 வயது. காலையில் எழுந்தால் காப்பித்தூள் டப்பாவின் மூடியைத் திறக்க முடியாது. சேலை கொசுவத்தைப் பிடிக்க முடியாது. வெயில் ஏற ஏறக் கொஞ்சம் இளகும். "பத்து மணி வரைக்கும் கை கையாவே இருக்க மாட்டேங்கு" என்பாள். இன்று யோசித்தால் ஒரு மருத்துவ மாணவன் பரீட்சையில் எழுதவேண்டிய பதிலை அவள் ஒரே வரியில் சொல்லியிருக்கிறாள். காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிப்பது, இரண்டு கையிலும் ஒன்றுபோல வருவது, சின்ன மூட்டுகள் பொதபொதவென்று வீங்குவது: முடக்குவாதத்தின், அதாவது டாக்டர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று சொல்லும் மூட்டு நோயின், அடையாளங்கள் இவை. நாங்கள் அதைப் பீடி சுற்றிய களைப்பு என்று நினைத்தோம். முடக்கத்தான் தோசை சாப்பிட்டோம். தைலம் தேய்த்தோம். ருசியில் குறை இல்லை, வீக்கம்தான் போகவில்லை.

அப்புறம் ஒருவர் ஒரு டாக்டரைச் சொன்னார். ஊர் பேர் வேண்டாம். இடுப்பில் ஒரு ஊசி, பேப்பர் கவரில் கொஞ்சம் குட்டி வெள்ளை மாத்திரை. மாத்திரையில் பேர் கிடையாது, சீட்டும் கிடையாது. நாலே நாளில் அம்மா பழைய அம்மாவாகிவிட்டாள். மாவாட்டினாள், கோலம் போட்டாள், தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எங்களுக்கு அந்த டாக்டர் சாமி மாதிரி. மாதத்துக்கு ஒரு தடவை கவர் வாங்க வரிசையில் நிற்பேன். வரிசையில் பாதிப்பேர் எங்கள் ஊர்ப் பொம்பளைகள்.

ஒன்றரை வருடம் இப்படிப் போனது. அம்மாவின் முகம் உருண்டு பூசினாற்போல் ஆனது. பார்க்கிறவர்கள் "உடம்பு தேறியிருக்கே" என்று சந்தோஷப்பட்டார்கள். கையும் காலும் குச்சியாகிக்கொண்டிருந்ததை யாரும் சொல்லவில்லை. லேசாக இடித்தாலே தோலில் கருநீலத் திட்டு விழுந்தது. எப்போதோ பார்த்த சுகர் 240-ஐத் தாண்டியிருந்தது. மெடிக்கலில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகனிடம் அந்த மாத்திரையில் ஒன்றைக் காட்டினேன். பேர் இல்லாததை உறுதியாகச் சொல்ல முடியாது என்று இழுத்தவன், கடைசியில் சொன்னான்: "அக்கா, இது டெக்சாமெத்தசோன் மாதிரிதான் இருக்கு. ஸ்டீராய்டு."

நான் அடுத்துச் செய்ததுதான் முட்டாள்தனம். கவரை அப்படியே கொண்டுபோய்க் குப்பையில் போட்டேன். அம்மாவிடம் இனி இதைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். ஐந்தாறு நாளில் அம்மா படுக்கையை விட்டு எழவில்லை. வாந்தி, தலைசுற்றல், சோற்றைப் பார்த்தாலே குமட்டல், பிரஷர் இறங்கிவிட்டது. ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு திருநெல்வேலிக்கு ஓடினோம். அங்கே விளக்கினார்கள். நம் உடம்பே தினமும் ஸ்டீராய்டு சுரக்கிறது. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் வேலை அது. வெளியிலிருந்து மாதக்கணக்கில் மாத்திரையாக வந்துகொண்டிருந்தால் அந்தச் சுரப்பி தூங்கிப்போகிறது. திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் உடம்பில் சொந்தச் சரக்கும் இருக்காது, வந்த சரக்கும் இருக்காது. படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்தவேண்டும். அந்த டாக்டர் தெரியாமல் கொடுத்தாரா தெரிந்தே கொடுத்தாரா என்பது இருக்கட்டும்; அம்மாவைப் படுக்கையில் தள்ளியது என் கைதான்.

அங்கிருந்துதான் மூட்டுவாத டாக்டரிடம் அனுப்பினார்கள். எலும்பு டாக்டர் வேறு, மூட்டுவாத டாக்டர் வேறு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது அந்த டாக்டரம்மாவுக்கு. ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்ப்பதற்கு முன்னால் அம்மாவின் இரண்டு கைகளையும் வாங்கி, ஒவ்வொரு விரல் மூட்டாக அழுத்திப் பார்த்தார். அதுவரை எந்த டாக்டரும் அம்மாவின் கையைத் தொட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முடக்குவாதம் என்று உறுதியானது. நோயையே அடக்குகிற மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எழுதினார். வாரத்துக்கு ஒரே ஒரு நாள். "தினமும் போட்டுட்டா உயிருக்கே ஆபத்து" என்று மூன்று தடவை சொல்லி, எங்கள் வீட்டுக் காலண்டரில் வியாழக்கிழமைகளை வட்டம் போட்டு வைக்கச் சொன்னார். கூடவே போலிக் ஆசிட். அவ்வப்போது ரத்தமும் ஈரலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதில் சிக்கல் ஒன்றுதான். அந்த மாத்திரை வேலையைக் காட்ட ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதற்குள் அம்மாவின் வலது கால்முட்டு தேங்காய் மாதிரி வீங்கிவிட்டது. நீர் கோத்திருந்தது. படிப்படியாக நிறுத்துவதற்காகத் திரும்பத் தொடங்கியிருந்த ஸ்டீராய்டு மாத்திரை குறையக் குறைய உள்ளே அமுங்கிக் கிடந்ததெல்லாம் கிளம்பிவிட்டது. நிற்க முடியவில்லை, கக்கூஸ் போக நான் தாங்கிக்கொள்ள வேண்டும்.

"முட்டுக்குள்ள ஒரு ஊசி போட்டுரலாம்" என்றார் டாக்டரம்மா.

"என்ன ஊசி?"

"ஸ்டீராய்டு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எதிலிருந்து தப்பி வந்தோமோ அதையே தூக்கி முன்னால் வைக்கிறார். முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார் போலிருக்கிறது. அவர் சொன்ன உதாரணம் இன்னும் நினைவிருக்கிறது. "ஒரு வீட்டுல அடுப்படியில தீப்பிடிச்சா ஊரு முழுக்கத் தண்ணி அடிப்பீங்களா? அந்த மாத்திரை ஊரு முழுக்க அடிச்ச தண்ணி. இது அடுப்படிக்கு மட்டும்." உடனே தானே திருத்தினார். "கொஞ்சம் தெருவுக்கும் வழியும். வழியாதுன்னு சொல்ல மாட்டேன்." அந்தத் திருத்தத்துக்காகத்தான் நான் சம்மதித்தேன்.

ஊசி போடுவதைப் பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது. அம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள், நான் திருப்பவில்லை. முட்டியைச் சுற்றிப் பழுப்பு மருந்தை வட்டவட்டமாகத் தடவி, காயும்வரை காத்திருந்தார். அந்தக் காத்திருப்புதான் முக்கியமாம். மருந்து காய்ந்தால்தான் கிருமி சாகும். மரத்துப்போக ஒரு சின்ன ஊசி. பிறகு முட்டிச் சில்லுக்கு வெளிப்பக்கமாகப் பெரிய ஊசியை உள்ளே விட்டு சிரிஞ்சை இழுத்தார். மஞ்சளாக நீர் வந்தது. 45 மில்லி. நல்ல முட்டிக்குள் ஒன்றிரண்டு தேக்கரண்டிகூடத் தேறாது.

அந்த சிரிஞ்சை மேசையில் கிடந்த தினசரிப் பேப்பருக்கு முன்னால் பிடித்துக் காட்டினார். "எழுத்து தெரியுதா?" தெரியவில்லை, கலங்கலாக இருந்தது. நல்ல மூட்டு நீர் கண்ணாடி மாதிரி இருக்குமாம், அந்தப் பக்கத்து எழுத்தை வாசித்துவிடலாமாம். பிறகு ஊசி நுனியில் ஒரு சொட்டை விட்டுக் காட்டினார். சட்டென்று தண்ணீர் மாதிரி விழுந்தது. ஆரோக்கியமான மூட்டு நீர் முட்டை வெள்ளைக்கரு போல நூலாக நீண்டுதான் இறங்கும். வழவழப்பைக் கொடுக்கிற ஹயலுரானிக் அமிலம் அப்படி இழுக்கும். அழற்சி, அதாவது உள்ளே சூடும் வீக்கமும், வந்த மூட்டில் அந்தச் சரடு அறுந்துபோகிறது. லேப் ரிப்போர்ட் வருவதற்கு முன்பே பேப்பரையும் ஒரு சொட்டையும் வைத்துப் பாதி நோயைச் சொல்லிவிட முடிகிறது. இ-சேவை மையத்தில் நாள் முழுக்க ஸ்கேன் எடுத்து ஏற்றுகிற வேலை பார்க்கிறவள் நான், எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது.

நீர் ஒருவேளை சீழாக இருந்திருந்தால் அன்று ஊசியே கிடையாது என்றார். உள்ளே கிருமி இருக்கும்போது ஸ்டீராய்டைப் போட்டால் கிருமிக்கு விருந்து வைத்த மாதிரி. அதனால்தான் எடுத்த நீரைக் கண்ணால் பார்த்துவிட்டு, சந்தேகம் இருந்தால் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவு வந்த பிறகு மருந்து.

மருந்துக் குப்பியைக் குலுக்கினார். அடியில் படிந்திருந்த வெள்ளை எழும்பி அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஆனது. ட்ரையாம்சினலோன், 40 மில்லிகிராம். கரையாத துகள்களாக அதைச் செய்திருப்பதே வேண்டுமென்றுதான். தெளிந்த கரைசலாக இருந்தால் மூட்டிலிருந்து சீக்கிரமே ரத்தத்தில் கலந்து போய்விடும். துகளாக இருந்தால் மூட்டின் உள்சவ்வில் தங்கி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். சவ்வின் செல்களுக்குள் நுழைந்து, அழற்சியைத் தூண்டும் சமாச்சாரங்களைச் செய்யச் சொல்லும் மரபணுக்களின் வாயை அடைக்கும். கால்முட்டுக்கு 40, சில சமயம் 80. விரல் மூட்டுக்கு 10 போதும். ஊசி உள்ளே போனதிலிருந்து வெளியே வந்தது வரை மொத்தம் பத்து நிமிடம் ஆகியிருக்காது. ஒரு பிளாஸ்திரி ஒட்டி, "ரெண்டு நாளைக்கு நடமாட்டத்தைக் குறைச்சுக்கோங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்.

அன்று ராத்திரி அம்மா தூங்கவில்லை. முட்டு கொதிக்கிறது என்றாள், இருந்த வலிக்கு மேலே ஒரு வலி. என் வயிற்றில் புளி கரைந்தது. துகள்கள் உள்ளே போன புதிதில் மூட்டைச் சீண்டும், ஒன்றிரண்டு நாளில் தானாக அடங்கிவிடும் என்று முன்பே சொல்லியிருந்ததால் ஐஸ் வைத்துச் சமாளித்தோம். நாள் போகப்போக வலி கூடினாலோ காய்ச்சல் வந்தாலோ முட்டு சிவந்தாலோ நேரம் பார்க்காமல் ஓடி வரவேண்டும் என்றும் சொல்லியிருந்தார்; அது கிருமி புகுந்ததற்கான அடையாளம், அபூர்வம்தான், வந்தால் மூட்டையே தின்றுவிடும். அம்மாவுக்குக் காய்ச்சல் வரவில்லை. மறுநாள் கன்னம் இரண்டும் செக்கச்செவேலென்று ஆனது. அதற்கு மறுநாள் சுகர் 290. தெருவுக்கு வழியும் என்று அவர் சொன்னது இதைத்தான். சுகர் மாத்திரையைக் கூட்டி, ஒரு வாரம் தினமும் குத்திப் பார்த்தோம். எட்டாம் நாள் பழைய நிலைக்கு இறங்கியது. சுகர் உள்ளவர்களிடம் இதை முன்கூட்டிச் சொல்லாமல் ஊசி போட்டு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நாலாம் நாள் காலை நான் எழுந்தபோது வாசலில் தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்டது.

இந்த மருந்தின் கதையை நான் அப்புறம்தான் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்து ராசெஸ்டரில் மேயோ கிளினிக் என்று ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே பிலிப் ஹென்ச் என்ற மூட்டுவாத டாக்டர். 1929-இல் அவரிடம் வந்த ஒரு முடக்குவாத நோயாளிக்கு மஞ்சள் காமாலை வந்தது. காமாலை வந்ததும் மூட்டு வலி போய்விட்டது! வேறு யாராக இருந்தாலும் காமாலையை மட்டும் பார்த்திருப்பார்கள். ஹென்ச் மற்றதைப் பார்த்தார். கர்ப்பமாக இருக்கும் பெண்களுக்கும் முடக்குவாதம் தணிவதைக் கவனித்தார். உடம்புக்குள்ளேயே இந்த வலியை அடக்கும் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது என்று நம்பி, இருபது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக அதன் பின்னாலேயே அலைந்தார்.

அதே மேயோவில் எட்வர்ட் கெண்டல் என்ற வேதியியலாளர் மாடுகளின் அட்ரினல் சுரப்பியிலிருந்து ஒவ்வொரு பொருளாகப் பிரித்து ஏ, பி என்று எழுத்துப் போட்டு வைத்துக்கொண்டிருந்தார். அதில் ஒன்று காம்பவுண்ட் ஈ. சோதித்துப் பார்க்கச் சரக்கு வேண்டுமே? மெர்க் மருந்து நிறுவனத்தில் லூயிஸ் சாரட் மாட்டுப் பித்தநீரிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் அதைத் தயாரிக்க வழி கண்டுபிடித்தார். 1948 செப்டம்பர் 21-ஆம் தேதி, கட்டிலோடு கிடந்த 29 வயதுப் பெண் ஒருத்திக்கு ஹென்ச்சின் குழு அதை முதன்முதலாகப் போட்டது, நாளைக்கு 100 மில்லிகிராம். சில நாட்களில் அவள் நடந்தாள். ஒரு வாரத்தில் கடைத்தெருவுக்குப் போய்வந்தாள். காம்பவுண்ட் ஈக்குக் கார்டிசோன் என்று பேர் வைத்தார்கள். 1950-இல் ஹென்ச், கெண்டல், சுவிட்சர்லாந்தில் இதே ஆராய்ச்சியில் இருந்த ததேயுஸ் ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு.

இதைப் படித்தபோது எனக்கு அந்த ஸ்டாக்ஹோம் நோபல் மேடை கண்ணில் வரவில்லை. நாலே நாளில் மாவாட்டிய என் அம்மாதான் வந்தாள். அந்த முதல் நோயாளிகளுக்கும் அதுவேதான் நடந்திருக்கிறது. முகம் நிலா மாதிரி உருண்டது, சிலருக்குப் புத்தி தடுமாறியது, மருந்தை நிறுத்தியதும் வலி திரும்பி வந்தது. 1950-களின் தொடக்கத்திலேயே அமெரிக்க டாக்டர்களுக்குத் தெரிந்துபோன விஷயம், பேர் இல்லாத பேப்பர் கவரில் எங்கள் ஊருக்கு வந்து நிற்கிறது.

மூட்டுக்குள்ளேயே போடலாம் என்ற யோசனை அந்தப் பயத்திலிருந்துதான் வலுத்தது. முதலில் கார்டிசோனையே மூட்டுக்குள் போட்டுப் பார்த்தார்கள். பெரிதாகப் பலன் இல்லை. காரணம் பின்னால் புரிந்தது. கார்டிசோன் அப்படியே வேலை செய்யாது, உடம்பு அதை ஹைட்ரோகார்டிசோனாக மாற்றவேண்டும். அதை முக்கியமாகச் செய்வது ஈரல். மூட்டுக்குள் ஈரலுக்கு எங்கே போவது? பிலடெல்பியாவில் ஜோசப் ஹாலண்டர் என்ற டாக்டரும் கூட்டாளிகளும் நேரடியாக ஹைட்ரோகார்டிசோனைப் போட்டுப் பார்த்து 1951-இல் முடிவை வெளியிட்டார்கள். பலித்தது. இன்றைக்கு உலகம் முழுக்க முட்டிலும் தோளிலும் போடப்படுகிற ஊசிகளின் பாட்டன் அதுதான்.

அம்மாவுக்கு அந்த ஊசியின் நிம்மதி மூன்று மாதம் ஓடியது. அதற்குள் வியாழக்கிழமை மாத்திரை மெதுவாக வேலையைத் தொடங்கிவிட்டது. டாக்டரம்மாவின் கணக்கே அதுதான் என்று எனக்குப் பின்னால் புரிந்தது. எங்கள் தெருவில் கைமாத்து என்று ஒன்று உண்டு. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. சம்பளம் வருகிறவரைக்கும் தாக்குப்பிடிக்க ஒரு தொகை, அவ்வளவுதான். ஆனால் சம்பளம் என்று ஒன்று வரவேண்டும். அந்த ஊசி கைமாத்து, மாத்திரைதான் சம்பளம். மாத்திரையை விட்டுவிட்டு ஊசியை மட்டும் வாங்கிக்கொண்டே இருந்தால் உள்ளே வீங்கிய சவ்வு சத்தமில்லாமல் எலும்பை அரித்துக்கொண்டிருக்கும், வலி மட்டும் தெரியாது. அது கந்துவட்டி.

கந்துவட்டி கட்டுகிறவர்கள் யார் என்று கேட்டால் என் சித்தியைச் சொல்லுவேன். அவளுக்கு முடக்குவாதம் இல்லை, முட்டுத் தேய்மானம். ஊரில் "ஜவ்வு தேஞ்சிருக்கு" என்பார்களே, அது. அம்மாவுக்கு ஊசி போட்டு நடந்ததைப் பார்த்துவிட்டு, எங்கேயோ ஒரு இடத்தில் போய் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கேட்டுக் கேட்டுப் போட்டுக்கொண்டாள். போட்டுவிட்டு வந்தால் சில வாரம் நன்றாக இருக்கும், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. தேய்மானத்தில் திடீரென்று வீங்கும்போது ஒரு ஊசி போடுவது தப்பில்லை என்றுதான் டாக்டரம்மாவும் சொன்னார். ஆனால் 2017-இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வையும் சொன்னார். தேய்மானத்தோடு சவ்வு வீக்கமும் இருந்த 140 பேர். பாதிப்பேருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதே ட்ரையாம்சினலோன் 40 மில்லிகிராம், மீதிப்பேருக்கு வெறும் உப்புநீர். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் வலியில் இரண்டு கூட்டத்துக்கும் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லை. ஸ்டீராய்டு போட்டவர்களுக்கு எலும்பு முனையின் மெத்தை, அதாவது குருத்தெலும்பு, கூடுதலாகத் தேய்ந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் அடுத்த ஊசி போடுகிற சமயத்தில்தான் வலியைக் கேட்டார்கள், அதனால் இடையில் கிடைத்த சில வார நிம்மதி கணக்கில் வரவில்லை என்று அந்த ஆய்வைக் குறை சொல்கிறவர்களும் உண்டு. நியாயமான குறைதான். சித்தியிடம் இதையெல்லாம் சொன்னேன். "அந்தச் சில வாரத்துலதான் நான் வயலுக்குப் போறேன்" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

என் கதையும் ஒன்று உண்டு. மவுஸைப் பிடித்துப் பிடித்து வலது கட்டைவிரல் அடியில் மணிக்கட்டோடு சேர்த்து வலி. ஊரில் எல்லாவற்றையும் நரம்பு என்போம். இது நரம்பில்லை, தசையை எலும்போடு கட்டுகிற தசைநாண் ஓடுகிற குழாய் இறுகியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. அங்கேயும் இதே வெள்ளை மருந்து, துளியூண்டு. தசைநாணுக்குள் போகாமல் அதைச் சுற்றியிருக்கும் உறைக்குள் போகவேண்டும், நாணுக்குள்ளேயே போய்விட்டால் அது நைந்து அறுந்துபோகலாம் என்று மெதுவாகப் போட்டார். இரண்டு வாரத்தில் வலி போய்விட்டது. இரண்டு மாதத்தில் ஊசி போட்ட இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் வெளுத்தது. அந்த இடம் லேசாகக் குழிந்தும் இருந்தது.

எதிர்வீட்டுப் பெரியம்மை என் கையைப் பிடித்துத் திருப்பினாள். "ஏட்டி, இது என்ன வெள்ளை?" அவள் குரலைத் தாழ்த்திய விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க வெண்குஷ்டம் என்று ஆகிவிட்டது. தண்ணிக்குடம் தூக்கிவிடுகிறவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். வெண்குஷ்டமும் ஒட்டாது, இதுவும் ஒட்டாது. யாரிடம் போய்ச் சொல்ல? தோலுக்கு ரொம்ப அடியில் போகாத ஊசிகளில் மருந்து கொஞ்சம் மேலே கசிந்தால் அந்த இடத்து நிறமும் கொழுப்பும் குறையும். பெரும்பாலும் திரும்பி வந்துவிடும், மாதக்கணக்கில் ஆகும். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இது பளிச்சென்று தெரியும். எங்களை மாதிரி நிறக்காரர்களுக்கு இதை முதல் வரியாகச் சொல்லவேண்டாமா? சொல்லவில்லை என்று டாக்டரம்மாவிடம் சண்டை போட்டேன். "கையெழுத்துப் போட்ட தாள்ல இருந்துச்சு" என்றார். ஆறாவது வரியில் இருந்தது, ஆங்கிலத்தில். ஊர் முழுக்க எல்லா மனுவையும் என்னிடம் கொண்டுவந்து கொடுத்து "வாசிச்சுச் சொல்லும்மா" என்பார்கள், நான் என் தாளை வாசிக்கவில்லை. வாட்சை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக் கட்டினேன். நிறம் முழுசாகத் திரும்ப ஒரு வருடம் ஆனது. வாட்ச் அங்கேயே பழகிவிட்டது.

அம்மாவுக்கு இப்போது 58. முதல் ஊசிக்குப் பிறகு இந்த ஐந்து வருடத்தில் இன்னும் மூன்று தடவை மூட்டுக்குள் ஊசி விழுந்திருக்கிறது. ஒன்று அதே முட்டில், ஒன்று இடது மணிக்கட்டில், ஒன்று தோளில். ஒரே மூட்டில் வருடத்துக்கு மூன்று நாலுக்கு மேல் போகக்கூடாது என்பது பொதுவான வழக்கம். அப்படித் திரும்பத் திரும்பத் தேவைப்பட்டால் ஊசியைக் கூட்டுவதில்லை, மாத்திரையைத்தான் மாற்றுவேன் என்பது டாக்டரம்மாவின் கட்சி. பீடித் தட்டு பரண்மேல் ஏறிவிட்டது. இரண்டு விரல் கோணிக்கொண்டது கோணிக்கொண்டதுதான், அந்த ஒன்றரை வருடத்தில் போனது திரும்பாது. மற்றபடி மூடி திறக்கிறாள், கொசுவம் வைக்கிறாள்.

போன மாதம் அம்மன் கொடை நெருங்கிய சமயம். மூன்று நாள் கோயில், விடிய விடிய நிற்கவேண்டும், பொங்கல் வைக்கவேண்டும். எதற்கும் முன்கூட்டியே ஒரு ஊசி போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். பஸ் ஏறிப் போனோம். டாக்டரம்மா முட்டியை இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தார், மடக்கி நீட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார்.

"வீக்கமே இல்லையேம்மா. எதுக்குப் போடணும்?"

"கொடைக்கு நிக்கணும்லா."

"நில்லுங்க. நடுவுல உட்காந்துக்கோங்க. அப்படி வீங்கினா கொடை முடிஞ்சு வாங்க, போட்டு விடுதேன்."

அம்மா என்னைப் பார்த்தாள், நான் கூரையைப் பார்த்தேன். பீஸைக் கட்டிவிட்டு வெளியே வந்தோம். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தும் அம்மாவின் முகம் தெளியவில்லை. பேட்டை தாண்டுகிற வரைக்கும் பேசவில்லை. அப்புறம் மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஊசி போடலன்னா, பின்ன எதுக்குட்டி இம்புட்டுத் தூரம் வந்தோம்?"